ஏழரையின் கடைசிக் கச்சேரி

விசாகனும் நண்பர்களும் தங்கள் இசைக்குழுவுக்கு ‘ஏழரை’ என்று பெயர் வைத்தபோது அவனுடைய அப்பா ஒரு வாரம் மகன் முகத்தில் விழிக்கவில்லை. ஊரில் அவனவன் சனி விலகினால் போதும் என்று எள் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், இவன் அதையே போஸ்டர் அடித்து ஒட்டுகிறானே என்று அவருக்கு ஆற்றாமை. பெயருக்குக் காரணம் தாளம். எட்டு எண்ணி முடிய வேண்டிய இடத்தில் இவர்கள் ஏழரையிலேயே முடித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். கேட்கிறவனுக்குப் படிக்கட்டில் ஒரு படி காணாமல் போனாற்போல் இருக்கும். கோயம்புத்தூரில் அதையும் ரசிக்க நாலு பேர் இருந்தார்கள். போகப் போக நாலாயிரம் பேர் ஆனார்கள்.

அவர்கள் வாசித்தது புரோக்ரஸிவ் ராக், அத்தியாயம் அத்தியாயமாக நீளும் மேற்கத்திய இசை. “ஒரு பாட்டு முடியறதுக்குள்ள உக்கடம் போய் டீ குடிச்சுட்டு வந்துடலாம்” என்று கல்லூரியில் கேலி செய்வார்கள். கேலியில் பொய் இல்லை. ‘வாலாங்குளம்’ என்ற அவர்களுடைய பெரிய பாட்டு அரை மணி நேரம் ஓடும். குளத்தை ஒட்டிப் போகும் ரயிலில் ஆரம்பித்து, தண்ணீருக்குள் இறங்கி, ‘வட்டம்’ என்ற பகுதிக்கு வந்து சேரும். வட்டத்தில் எழுதி வைத்த சுரம் கிடையாது. விசாகன் கீபோர்டில் மனம் போனபடி வாசிப்பான். டிரம்ஸ் பிலோமினா, கிதார் இர்ஃபான், பேஸ் கிதார் குருபரன் மூவரும் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து அவனைத் தாங்கிக்கொண்டு போவார்கள்.

போதும் என்று தோன்றும்போது விசாகன் மேலிருந்து கீழே மூன்று சுரம் இறங்குவான். அதற்குக் ‘கதவு’ என்று பெயர். கதவு திறந்ததும் பிலோமினா ஓர் உருட்டு உருட்டுவாள், நால்வரும் ஒன்றாக வெளியே வருவார்கள். விசாகன் கதவைத் திறக்காமல் யாரும் வெளியேறக் கூடாது என்பது குழுவின் சட்டம். ஒருமுறை திருச்சியில் ஒரு கல்லூரி விழாவில், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று குருபரன் முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அந்த செமஸ்டர் முழுக்க விசாகன் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தில் கைவைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நாற்பதைத் தொட்ட வருஷம் விசாகனின் சுண்டுவிரல் பேச்சைக் கேட்க மறுத்தது. டாக்டர்கள் ஏதோ நரம்பு நோய் என்றார்கள். அது விரலிலிருந்து தோளுக்கு ஏறி, நாக்கைப் பிடித்து, மூச்சுக்கு மெஷின் வைக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. கடைசியில் கண் இமையும் நின்றது. காது கேட்டது, புத்தி முழுசாக இருந்தது, அவ்வளவுதான். இதைவிடக் கொடுமை ஒரு மனுஷனுக்கு வர முடியாது என்று பிலோமினா நினைத்தாள். வர முடியும் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ‘நூல்’ வந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையாது. மில்லும் தறியுமாக வளர்ந்த ஊர்க்காரர்கள் அதை நூல் என்றே அழைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மூளைக்குள் இறக்கிவிடுவார்கள். விரலை அசைக்க நினைத்தால் போதும், அந்த நினைப்பை நூல் பிடித்து வெளியே கொடுக்கும். திரையில் எழுத்துக்களைத் தேர்ந்தெடுக்கும் பலகை விசாகனுக்கு ஒத்துவரவில்லை. அவன் விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் கீபோர்டு. அவனுக்கு நூல் வைத்த டாக்டர் வத்சலா அதைக் கீபோர்டோடு இணைத்துவிட்டார். மேல் ஸா என்றால் ஆமாம், கீழ் ஸா என்றால் இல்லை.

விசாகனின் மனைவி சுகந்தி அவனுடைய சொந்த அத்தை மகள். விளக்கை அணைக்கும் முன் “தூங்கலாமா மாமா?” என்று கேட்பாள். மேல் ஸா வரும். குழாய் மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது என்று நாள் முழுக்கப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சுரத்தில் அவளுக்குத் தீர்ந்துபோகும்.

நல்லது எதுவும் அந்த வீட்டில் அதிக நாள் தங்கவில்லை. ஒருநாள் டாக்டர் வத்சலா சுகந்தியையும் நண்பர்களையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

“நூலைச் சுத்தி மூளையில தழும்பு ஏறிக்கிட்டு வருதுங்க. பயன்படுத்தப் பயன்படுத்த சீக்கிரம் ஏறும். முழுசா மூடிடுச்சுன்னா அப்புறம் ஒண்ணுமே வெளிய வராது.”

“வேற நூல் போட முடியாதுங்களா?” என்றான் இர்ஃபான்.

“போட இடம் இல்லைங்க. ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லிட்டிருந்தா ஒரு வருஷத்துக்கு மேல தாங்கும்.”

கச்சேரிப் பேச்சை எடுத்தது இர்ஃபான்தான், அதுவும் விளையாட்டாக. கட்டிலருகே குனிந்து, “கடைசியா ஒரு தடவை வாலாங்குளம் வாசிச்சுப் பாக்கலாமாடா?” என்றான். அவன் கேட்டு முடிப்பதற்குள் மேல் ஸா வந்துவிட்டது. நிஜமாகவா என்று மறுபடி கேட்டான். மறுபடி வந்தது. அரை மணி நேரம் வாசித்தால் அதற்குப் பிறகு சில மாதத்துக்கு ஆமாம்-இல்லை மிஞ்சும், அதைத் தாண்டினால் எதற்கும் உத்தரவாதம் கிடையாது என்றார் வத்சலா.

சுகந்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு நண்பர்கள் எல்லோரும் இருக்கும்போது விசாகன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உங்க ஆசைக்கு நான் குறுக்க நிக்கலை மாமா. ஆனா எனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டு வரோணும். வருவீங்களா?”

மேல் ஸா.

“பிலோக்கா, நீங்களும் கேட்டுக்குங்க. அரை மணி நேரம்.”

“நான் பாத்துக்கறேன் கண்ணு” என்றாள் பிலோமினா. அந்த வார்த்தையை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

ஒத்திகையில் விசாகனை மிகச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பிலோமினா குச்சியைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடுவாள். வட்டத்தில் நாலைந்து சுற்று, அதோடு சரி. கதவை அவர்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. இருபது வருஷமாகக் கேட்ட மூன்று சுரத்துக்கு எதற்கு ஒத்திகை?

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. நூல் தளர்ந்திருந்ததால் நடுநடுவே சுரம் விழுந்துபோயிற்று, வேண்டாத சுரம் எகிறிக் குதித்தது. அதற்கு வத்சலா ஒரு வழி செய்தார். விசாகனின் பழைய பதிவுகளையும் ஒத்திகைகளையும் கேட்டுப் பழகிய மென்பொருள் ஒன்று. ஓட்டை விழுந்த இடத்தில் அவன் என்ன வாசித்திருப்பானோ அதை நிரப்பும். பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதைத் தட்டிச் சமப்படுத்தும். போட்டவுடன் சங்கீதம் பழைய விசாகனாகவே ஒலித்தது. “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க டாக்டர்” என்று இர்ஃபான் கேட்டான், பிலோமினாவும் ஆமோதித்தாள், வத்சலா ஏற்றினார்.

மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கச்சேரி. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கல்லூரியில் கேலி செய்த கூட்டமும் வந்திருந்தது, இப்போது எல்லோருக்கும் தொப்பையும் வழுக்கையும். மேடை நடுவில் சக்கர நாற்காலியில் விசாகன். அவனுக்கு முன்னால் அவனுடைய பழைய கீபோர்டை வைத்திருந்தார்கள், சும்மா ஒரு மரியாதைக்கு. ஓரத்தில் லேப்டாப்போடு வத்சலா. முன்வரிசையில், கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி பட்டுப்புடவையில் சுகந்தி.

முதல் சுரம் வந்ததும் கிடங்கே மூச்சை நிறுத்தியது. அசையாத மனிதன், ஆளில்லாத கீபோர்டு, ஆனால் விசாகனைத் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத அந்த ரயில். பிலோமினாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கையை நம்பி வாசித்தாள். ரயில் போயிற்று, தண்ணீர் வந்தது, வட்டத்துக்குள் இறங்கினார்கள்.

அங்கே விசாகன் வாசித்ததுபோல் அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. தயக்கமே இல்லை. ஒன்றை எடுப்பான், விரிப்பான், தளர விடுவான், போயிற்று என்று நினைக்கும்போது வேறு பக்கமிருந்து திரும்பக் கொண்டுவருவான். ஜனம் எழுந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிலோமினா கதவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. சரி, இன்னும் ஒரு சுற்று. அதிலும் வரவில்லை.

அரை மணி நேரம் தாண்டியபோது சுகந்தி பிலோமினாவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனதும் எழுந்து, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். பிலோமினா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ‘அவனே தெறக்கலை, நான் எப்படித் தெறக்கறது?’ என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசிக் கச்சேரியில், வாயில்லாத மனுஷனின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டுகிற பாவம் தனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அதோடு, உண்மையைச் சொன்னால், அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த வட்டம் முடியாமலே இருக்கட்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. திடீரென்று வத்சலா எழுந்து கையைத் தூக்கினார். நூல் நின்றுவிட்டது. அவர் கீபோர்டின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, மூவரும் தட்டுத் தடுமாறி ஓய்ந்தார்கள். கதவு திறக்கவே இல்லை. ஜனம் கூரை பிய்ந்துபோகும்படிக் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சுகந்தி மேடையேறி, விசாகன் காதருகே குனிந்து “மாமா” என்றாள். “மாமா, நான்தான்.” எதுவும் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கச்சேரி ஊர்க்கதை ஆயிற்று. ‘வட்டத்தை விட்டு வர மனமில்லாதவன்’ என்று பனியன் அடித்து விற்றார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “குடுத்து வெச்சவரும்மா. உசுர மேடையிலயே விட்டுட்டாரு” என்றார்கள். உசுர் விடவில்லை, உள் அறையில் மூச்சு மெஷினோடு படுத்திருக்கிறார், நீங்கள் பேசுவது அவர் காதில் விழும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கச்சேரிப் பதிவை ஆல்பமாக்க இர்ஃபான் உட்கார்ந்தான். சாய்பாபா காலனியில் அவனுடைய ஒலிப்பதிவு அறை. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுச் சரிசெய்வது வழக்கம். அதற்காகப் பிலோமினாவையும் ஒரு மத்தியானம் வரச் சொல்லியிருந்தான். அவள் போனபோது அவன் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

“விசாகன் வாசிச்சதுக்கு மட்டும் டாக்டர் ரெண்டு டிராக் அனுப்பியிருக்காங்க பிலோ. ஒண்ணு நாம மேடையில கேட்டது. இன்னொண்ணு நூல்ல இருந்து நேரா வந்தது, நிரப்பறதுக்கு முன்னாடி. நீயே கேளு.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ரயிலில் விசாகன் இருந்தான், அங்கங்கே தடுமாறினாலும் அவனேதான். தண்ணீரிலும் இருந்தான். வட்டத்தில் இறங்கிச் சில சுற்று வாசித்தான். பிறகு கதவு வந்தது. மூன்று சுரம், மேலிருந்து கீழே, பலவீனமாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். அரை மணி நேரம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்.

பிறகு மௌனம். மறுபடி மூன்று சுரம். மௌனம். மறுபடி மூன்று சுரம். வேறு ஒன்றுமே இல்லை. சுற்றுக்குச் சுற்று அவன் கதவைத் திறந்துகொண்டே இருந்தான். போகப் போக முதல் இரண்டு மட்டும், பிறகு ஒன்று மட்டும், பிறகு அதுவும் இல்லை.

“மாதாவே” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தாள் பிலோமினா.

இர்ஃபான் வத்சலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கேட்டதையெல்லாம் சொன்னான்.

“அந்த மூணு சுரத்தை ஒத்திகையில எப்பவாச்சும் வாசிச்சாருங்களா?” என்றார் அவர்.

“இல்லைங்க. மிச்சப்படுத்தலாம்னு விட்டுட்டோம்” என்றான் இர்ஃபான்.

“பழைய பதிவுகள்ல?”

“ஒரு கச்சேரிக்கு ஒரு தடவைதான் வரும்.”

“அதான். வட்டத்துக்கு நடுவுல சம்பந்தமில்லாம வந்ததால சாஃப்ட்வேர் தப்பா விழுந்த சுரம்னு எடுத்துக்கிட்டு, அதை மூடிட்டு மேல நிரப்பியிருக்கு. உள்ள இருந்து சிக்னல் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அவர் வாசிச்சுட்டிருக்காருன்னு நினைச்சுத்தான் நான் நிறுத்தலைங்க. நானாவது நூல்ல இருந்து வர்றதை ஒரு காதுல நேரா கேட்டிருக்கோணும்.”

“அப்ப நாங்க கேட்டது?” என்றாள் பிலோமினா.

“மெஷின்தாங்க.”

ஜனம் எழுந்து நின்று கேட்டது, முடியாமலே இருக்கட்டும் என்று பிலோமினா ஆசைப்பட்டது, ‘இதற்கு மேல் ஒருத்தன் வாசிக்க முடியாது’ என்று ஊரே உருகியது எல்லாம் மெஷின். அது வாசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் விசாகன் உள்ளே இருந்து வீட்டுக்குக் கிளம்பப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்திக்காக வைத்திருந்த மிச்சத்தையெல்லாம் வெளியே வருவதற்கே செலவழித்துவிட்டான். அவனுடைய சட்டத்தைக் கட்டிக்காத்த மூன்று பேரும் அவனை வெளியே விடவில்லை.

“சுகந்திகிட்ட சொல்லோணும்” என்றாள் பிலோமினா.

“வேண்டாம் பிலோ.” இர்ஃபான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். “கொஞ்சம் யோசிச்சுப் பாரு. இப்ப அவ அவன் மேல கோவமா இருக்கா. எனக்குத் தெரியும், மூஞ்சியிலயே தெரியுது. அந்தக் கோவத்தைப் புடிச்சுட்டுத்தான் நடமாடிட்டிருக்கா. அவன் அரை மணி நேரத்துக்கு மேல கெடந்து தட்டினான், யாருக்கும் கேக்கலைன்னு சொன்னா, அவ எதைப் புடிச்சுட்டு நிப்பா?”

“நம்மளைத் திட்டட்டும்டா. அதுக்காச்சும் ஒரு ஆள் வேணும்ல?”

“திட்டினா திரும்பி வந்துடுமா?”

“வராது. ஆனா அவ கோவப்படறது யார் மேல? ஒரு விரலைக்கூட அசைச்சு ‘நான் அப்படிப் பண்ணலை’ன்னு சொல்ல முடியாதவன் மேல. அவனுக்காக அதை யார் சொல்றது?”

பிலோமினா வண்டியை எடுத்துக்கொண்டு வடவள்ளியில் இருந்த சுகந்தி வீட்டுக்குப் போனாள்.

சுகந்தி கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பிலோமினா அவளை வாசலிலேயே நிறுத்தி, உட்காராமல், எதையும் மறைக்காமல் சொன்னாள். ஒத்திகையில் மிச்சம் பிடித்தது, மென்பொருளை இன்னும் ஏற்றச் சொன்னது, சுகந்தி மணிக்கட்டைக் காட்டியபோது தான் தலை குனிந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருப்பவள்போல் நின்றாள்.

சுகந்தி துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்து முடித்து, கடைசித் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அரை மணி நேரத்துக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியே கண்ணு.”

“அதுக்கப்புறம் வேற எதுவும் வாசிக்கலையா?”

“வேற எதுவுமே வாசிக்கலை. வெளிய வர மட்டும்தான் பாத்திருக்கான்.”

சுகந்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பிலோமினா நினைத்தாள். அவள் அழவில்லை. வெளிறிப்போன முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“பிலோக்கா, நான் மூணு மாசமா அவர்கிட்டப் பேசலை.”

“என்ன சொல்றே?”

“ஒரு வார்த்தை பேசலைக்கா. எல்லாஞ் செய்யறேன். தொடைக்கறேன், மருந்து ஏத்தறேன், திருப்பிப் போடறேன். வாயத் தெறக்கலை. என்னைவிட அந்தப் பாட்டுத்தானே பெருசாப் போச்சு, கெடக்கட்டும்னு விட்டுட்டேன். லைட்டை அணைச்சுட்டு அப்படியே போய்ப் படுத்துக்குவேன்.” உள் அறைப் பக்கம் பார்த்தாள். “அவருக்குக் காது கேக்குங்கக்கா.”

பிலோமினா அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். மூச்சு மெஷின் சத்தம், வந்து போகும் கைகள், அந்தக் கைகள் யாருடையவை என்று தெரியும், அவள் ஏன் பேசவில்லை என்றும் தெரியும், ‘நான் வரத்தான் பார்த்தேன்’ என்று சொல்ல வழி கிடையாது. மூன்று மாதம்.

சுகந்தி எழுந்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. பிலோமினா வாசலிலேயே நின்றாள்.

“மாமா” என்ற குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “மாமா. நீங்க வரத்தான் பாத்திருக்கீங்க. பிலோக்கா வந்து சொன்னாங்க. இப்பத்தான் தெரிஞ்சுது எனக்கு.”

மூச்சு மெஷின் ஏறி இறங்கியது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு தங்குதடையில்லாமல். பக்கத்து வீட்டில் குடிமாறிப் போனது, அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது, மோட்டார் ரிப்பேராகித் தண்ணீருக்கு அல்லாடியது, பனியன் விற்கிறவர்களைப் பற்றி ஆத்திரமாக நாலு வார்த்தை. மூன்று மாதத்து வீட்டுச் சேதியையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனாள்.